அங்கோரா பூனை: கேள்வியும் பதிலும்

கே: எங்கள் துருக்கி அங்கோராவுக்கு வெள்ளை முடி, ஒரு கண் நீலம், ஒரு கண் பொன்னிறம். கூப்பிட்டால் வருவதே இல்லை. திமிரா?

ப: செவிட்டுத்தன்மையா என்று முதலில் பாருங்கள். வெள்ளை நிறத்துக்கான மரபணு உட்காதையும் பாதிக்கலாம். இரண்டு கண்ணும் நீலமானால் வாய்ப்பு மிக அதிகம். ஒன்று மட்டும் நீலமானால் வாய்ப்பு குறைவு; செவிட்டுத்தன்மை இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கக் காதில்தான் இருக்கும். பூனை தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டாதீர்கள், காற்றசைவிலேயே விழித்துவிடும். ஒரு காது கேட்டாலும் விழிக்கும் என்பதால், உறுதிசெய்ய கால்நடை மருத்துவரிடம் பிஏஇஆர் (BAER) சோதனைதான் வழி; ஒலிக்கு மூளை தரும் மின் எதிர்வினையை ஒவ்வொரு காதுக்கும் தனியாக அளப்பது இது. செவிடு என்றால் வெளியே விடவே கூடாது.

மற்றபடி இது திமிர் பிடித்த இனமல்ல. ஒருவரையே ஒட்டிக்கொள்ளும், அலமாரி உச்சியில் ஏறும், கதவுப்பிடியைத் தொங்கித் திறக்கும்.

கே: முடி நீளம். தினமும் சீவ வேண்டுமா?

ப: வேண்டாம். பாரசீகப் பூனைபோல அடர்ந்த உள்முடி இதற்கு இல்லை. வாரம் இருமுறை உலோகச் சீப்பு போதும். முடி கொட்டும் பருவத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். சிக்கு விழும் இடங்கள் காதுக்குப் பின், அக்குள், பின்தொடை. சிக்கை நுனியிலிருந்து விரலால் பிரியுங்கள். கத்தரிக்கோல் ஆபத்து: முடியோடு தோலும் மேலெழுந்து வெட்டுப்படும். குளிப்பாட்டுவதற்கு முன்பே சீவுங்கள்; நனைந்த சிக்கு இறுகிவிடும்.