சட்டன் கோர்ட்னி சர்ச் தோட்டத்துக்குள் போகலாமா?

தம்பி, இங்கிலாந்தில் சட்டன் கோர்ட்னி கிராமத்தில் வீடு எடுத்திருக்கிறோம், சர்ச்சைச் சுற்றியுள்ள கல்லறைகளைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாமா, வெளியாட்கள் என்று யாரும் முகம் சுளிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். கல்லறைப் பக்கம் போனால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம், தயக்கம் இருக்கத்தான் செய்யும். இங்கே கிராமத்துச் சர்ச் தோட்டங்களில் ஆட்கள் காலாற நடப்பார்கள், பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள்.

முதலில் சர்ச்சுக்குப் பின்பக்கம் போய் ஒரு சின்னக் கல்லைத் தேடுங்கள். எரிக் ஆர்தர் பிளேர், பிறப்பு 1903 ஜூன் 25, இறப்பு 1950 ஜனவரி 21. அவ்வளவுதான் எழுதியிருக்கும். '1984' நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல்லின் சொந்தப் பெயர் அது, அந்தப் புனைபெயர் கல்லில் கிடையாது. ரோஜாச் செடியைப் பார்த்துத்தான் பலர் கண்டுபிடிப்பார்கள். பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர், பர்மாவில் போலீஸ் வேலை பார்த்தவர். காசநோயால் லண்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார். தன்னை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். இந்த ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இங்கே வீடு வைத்திருந்த நண்பர் டேவிட் ஆஸ்டர், அப்சர்வர் பத்திரிகையின் ஆசிரியர், பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். 2001-இல் இறந்த ஆஸ்டரும் அதே இடத்தில், நண்பருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். எனக்கு அந்த இரண்டு கற்களையும் சேர்த்துப் பார்ப்பதுதான் பிடிக்கும்.

1908 முதல் 1916 வரை பிரிட்டன் பிரதமராக இருந்த ஆஸ்க்வித்தும் அங்கேதான். முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தது அவர் அரசு. கடைசிக் காலத்தில் இதே ஊரில் ஆற்றங்கரை வீட்டில் வாழ்ந்து 1928-இல் இறந்தார்.

வெளியாள் என்று கேட்டீர்களே, அதற்கும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு சர்ச் வட்டாரத்தில் குடியிருப்பவர் எந்த மதத்தவரானாலும், அந்தத் தோட்டத்தில் இடம் இருந்தால், அங்கே அடக்கம் செய்யப்பட அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வெளியூர்க்காரர் என்றால்தான் பாதிரியாரின் சம்மதம் வேண்டும். அந்த வகையில் ஆர்வெல்தான் வெளியாள், நீங்கள் ஊர்க்காரர்.

அப்புறம், கல்யாணமோ அடக்கமோ நடக்கிற நேரத்தில் போகாதீர்கள். பழைய கற்கள் சில ஆட்டம் கண்டிருக்கும், பிள்ளைகளைச் சாயவோ ஏறவோ விடாதீர்கள்.