தொடர்புப் படிவம் வழியாக ஸ்பேம் போகிறது: ஓட்டை எங்கே?

கேள்வி: எங்கள் அச்சகத்தின் இணையதளத்தை நானே பிஎச்பியில் எழுதினேன். 'தொடர்புக்கு' பக்கத்தில் பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி என்று நான்கு கட்டங்கள். எங்கள் கணக்கிலிருந்து ஸ்பேம் போகிறது என்று சொல்லி, ஹோஸ்டிங் நிறுவனம் மெயில் வசதியை நிறுத்திவிட்டது. பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிவிட்டேன். ஃபார்மில் ஜாவாஸ்கிரிப்ட் சரிபார்ப்பும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஸ்பேம் மெயில்களில் ஒன்றை முழு ஹெட்டருடன் (யார், யாருக்கு, எங்கிருந்து என்று மெயிலின் மேலே இருக்கும் விவர வரிகள்) ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டு வாங்குங்கள். 'எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பல சர்வர்களில் பிஎச்பி இந்த வரியைத் தானே சேர்க்கும். எந்தக் கோப்பு மெயிலை அனுப்பியது என்பது அதில் இருக்கும். உங்கள் ஃபார்மின் கோப்புப் பெயர் அங்கே இருந்தால், பாஸ்வேர்டு மாற்றியதால் இது நிற்காது. யாரும் உள்ளே நுழையவில்லை, உங்கள் ஃபார்மே அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது வருபவரின் பிரவுசரில். ஸ்பேம் பாட் (ஸ்பேம் அனுப்பும் தானியங்கி நிரல்) உங்கள் பக்கத்தை பிரவுசரில் திறப்பதில்லை, ஸ்கிரிப்டின் முகவரிக்கு நேராகத் தரவை அனுப்புகிறது. தவறாகத் தட்டிய வாடிக்கையாளருக்கு உதவும் என்பதால் அந்தச் சரிபார்ப்பு இருக்கட்டும். பாதுகாப்புக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

மெயிலின் ஹெட்டர் என்பது வரி வரியாக எழுதிய உரைதான். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கினால் அது புது ஹெட்டர். நீங்கள் 'ஃப்ரம்' என்ற சொல்லோடு வருபவர் கொடுத்த முகவரியை ஒட்டி, பிஎச்பியின் மெயில் ஃபங்ஷனில் கூடுதல் ஹெட்டர்களுக்கான நான்காவது இடத்தில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாட் அந்த மின்னஞ்சல் கட்டத்துக்கு அனுப்புவது இப்படி இருக்கும்:

யாரோ@எடுத்துக்காட்டு.காம்
பிசிசி: முதல்முகவரி, இரண்டாம்முகவரி, மூன்றாம்முகவரி...

நடுவில் இருப்பது ஒரே ஒரு வரிமுறிவு. உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டாம் வரியையும் ஹெட்டரில் அப்படியே ஒட்டிவிடும். மெயில் சர்வருக்கு அது நீங்களே எழுதிய பிசிசி, அதாவது மற்றவருக்குத் தெரியாமல் நகல் பெறுவோர் பட்டியல். செய்திக் கட்டத்தில் இருக்கும் விளம்பரம் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். நீங்கள் எத்தனை முறை சோதித்தாலும் இது கண்ணில் படாது. ஒற்றை வரிக் கட்டத்தில் வரிமுறிவு ஒட்டினால் பிரவுசர் அதை எடுத்துவிடும்.

இதிலேயே தீர்வும் இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், பொருள் ஆகிய ஒற்றை வரிக் கட்டங்களில் வரிமுறிவு வந்தால் அனுப்பியவர் பிரவுசரிலிருந்து வந்த வாடிக்கையாளர் இல்லை. அதனால் வரிமுறிவைத் துடைத்துவிட்டு மீதியை அனுப்பாதீர்கள். 400 பிழை ('தவறான கோரிக்கை' என்று சர்வர் சொல்லும் பதில்) கொடுத்து மொத்தமாக நிராகரியுங்கள். மின்னஞ்சலுக்கு பிஎச்பியிலேயே இருக்கும் 'ஃபில்டர் வேலிடேட் ஈமெயில்' போதும். சொந்தமாக ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையின் வடிவத்தைச் சரிபார்க்கும் குறியீடு) எழுதினால் கவனம்: கடைசியில் வரும் டாலர் குறி, உரையின் முடிவில் ஒரு வரிமுறிவு இருந்தாலும் 'சரி' என்றுவிடும். கேபிடல் 'டி' மாடிஃபையர் சேர்த்தால்தான் கறாராகப் பார்க்கும்.

'ஃப்ரம்' இடத்தில் எப்போதும் உங்கள் டொமைனின் முகவரி மட்டும் இருக்கட்டும். சரிபார்த்த பின் வாடிக்கையாளரின் முகவரி 'ரிப்ளை-டு'வுக்குப் போகலாம். அவருடைய ஜிமெயில் முகவரியை 'ஃப்ரம்' ஆக்கி உங்கள் சர்வரிலிருந்து அனுப்பினால், அனுப்புநர் முகவரி போலியா என்று பார்க்கும் டிமார்க் சோதனையிலும் தோற்கும். பிஎச்பி 7.2 முதல் கூடுதல் ஹெட்டர்களை அர்ரேயாகவும் (தனித்தனி உருப்படிகள் கொண்ட பட்டியலாக) கொடுக்கலாம். உரையாக ஒட்டுவதைவிட அது மேல்.

பிஎச்பிமெயிலர் போன்ற, மெயில் அனுப்புவதற்கென்றே எழுதிய லைப்ரரிக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். 2016 டிசம்பரில் அதிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. அனுப்புநர் முகவரி, சர்வரில் மெயிலை அனுப்பும் சென்ட்மெயில் கட்டளையின் பகுதியாகப் போனதால், விசித்திரமாக எழுதிய ஒரு முகவரியைக் கொண்டு சர்வரிலேயே நிரலை ஓட்ட முடிந்தது. அவசரமாக 5.2.18 வந்தது, அதுவும் போதாமல் 5.2.20 வந்தது. வருபவர் கொடுத்த முகவரியை மெயில் ஃபங்ஷனின் ஐந்தாவது இடத்துக்கோ லைப்ரரியின் 'சென்டர்' புலத்துக்கோ அனுப்பவே வேண்டாம்.

'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' என்று தானாகப் பதில் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் பிசிசி தேவையே இல்லை. பாட் முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியை மின்னஞ்சல் கட்டத்திலும், விளம்பர இணைப்பைப் பெயர்க் கட்டத்திலும் போடும். 'வணக்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த இணைப்போடு உங்கள் மெயிலே அவருக்குப் போகும். தானியங்கிப் பதிலில் பெயரையோ செய்தியையோ திருப்பி எழுதாதீர்கள். அந்தப் பதில் இல்லாமல் சமாளிக்க முடிந்தால் எடுத்தேவிடுங்கள்.

பெயர்க் கட்டத்தைச் சரிபார்க்கும்போது நம் பெயர்களைக் காயப்படுத்திவிடாதீர்கள். ஆங்கில எழுத்து மட்டும் என்ற விதி தமிழில் எழுதுபவரை வெளியே நிறுத்தும். யூனிகோடின் 'எல்' வகையை (தனி எழுத்துகள்) மட்டும் அனுமதித்தாலும் புள்ளியும் கொம்பும் காலும் அடிபடும், அவை 'எம்' வகை (எழுத்தோடு ஒட்டும் குறிகள்). இரண்டையும், கூடவே இடைவெளியையும் இனிஷியலுக்கான புள்ளியையும் அனுமதியுங்கள். நீளத்தை 'எஸ்டிஆர்லென்' கொண்டு அளந்தால் பைட் கணக்குதான் கிடைக்கும்: 'கார்த்திகேயன்' நமக்கு 7 எழுத்து, யூனிகோடில் 13 குறி, யூடிஎஃப்-8இல் 39 பைட். 30 பைட் என்று வரம்பு வைத்தால் கார்த்திகேயன் உங்களிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வர முடியாது. 'எம்பி எஸ்டிஆர்லென்' பயன்படுத்துங்கள்.

பெறுநர் முகவரியை ஃபார்மின் மறைவுக் கட்டத்தில் வைத்திருந்தால், பாட் அதையும் மாற்றி அனுப்பலாம், இன்றே ஸ்கிரிப்டுக்குள் மாற்றுங்கள். ஒரே ஐபியிலிருந்து மணிக்கு இத்தனை என்று வரம்பும், மனிதர் கண்ணுக்குத் தெரியாத பொறிக் கட்டம் ஒன்றும் (அதை நிரப்பினால் அது பாட்) வைத்தால் சாதாரண பாட்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும், பிரவுசர் இல்லாமல் தரவை அனுப்ப உதவும் 'கர்ல்' கட்டளை கொண்டு, வரிமுறிவுக்குப் பின் உங்களுடைய இன்னொரு முகவரியை பிசிசியாக வைத்து ஃபார்முக்கு நேராக அனுப்பிப் பாருங்கள். 400 வர வேண்டும், அந்த முகவரிக்கு எதுவும் வரக் கூடாது. பிறகு மெயில் வரிசையில் தேங்கியிருக்கும் பழைய ஸ்பேமை அழிக்கச் சொல்லி, வசதியைத் திறந்துவிடும்படி ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதுங்கள். அழிக்காமல் திறந்தால் தேங்கியதெல்லாம் மறுபடி கிளம்பிவிடும்.