படித்தும் முடிவு வரவில்லை என்றால் தத்துவம் எதற்கு?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் பிட்டராக வேலை செய்கிறேன். வயது 36. சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் இங்கே வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு. அம்மா இதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், எங்களோடுதான் இருக்கிறார். "இந்த இடத்தை விட்டு எங்கேயும் வரமாட்டேன்" என்கிறார். சில மாதங்களாக ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவம், கீதை, கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த வகுப்பு என்று போய்க்கொண்டிருக்கிறேன். "படிச்சு என்னத்தக் கண்டீங்க? போறீங்களா இல்லையா, அதச் சொல்லுங்க" என்கிறாள் மனைவி. இந்த மாதிரி விஷயத்துக்குத் தத்துவம் உதவுமா? அடுத்து எதைப் படிக்கலாம்? தூக்கமும் சரியாக இல்லை.

பதில்: உதவும் தம்பி, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை.

உங்கள் நிலைமையில் இருந்த ஓர் இளைஞனைப் பற்றி, பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945 அக்டோபரில் பாரிஸில் ஆற்றிய உரையில் சொல்லியிருக்கிறார். அவருடைய மாணவன் அவன். அண்ணன் போரில் இறந்துவிட்டான். அப்பாவோடு அம்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. அந்த அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் ஆறுதல். இவனுக்கோ இங்கிலாந்துக்குப் போய், ஜெர்மனியை எதிர்க்கும் பிரெஞ்சு விடுதலைப் படையில் சேர ஆசை. போவதா, இருப்பதா? கிறிஸ்தவ போதனை "அயலானை நேசி" என்கிறது. இதில் அயலான் யார், அம்மாவா, நாட்டுக்காரனா? எந்த மனிதனையும் வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்றார் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். அம்மாவோடு இருந்தால் போராடுகிறவர்களைக் கருவியாக்குகிறான், போனால் அம்மாவைக் கருவியாக்குகிறான். கடைசியில் சார்த்தர் சொன்னது இவ்வளவுதான்: நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு.

அதே உரையில் இன்னொன்றும் சொன்னார். யாரிடம் ஆலோசனை கேட்பது என்று தீர்மானிக்கும்போதே என்ன பதில் வரும் என்பதை நாம் பாதி தீர்மானித்துவிடுகிறோம் என்று. ஆகவே, கோயில் குருக்களை விட்டு, சிங்கப்பூரில் இருக்கும் நண்பரை விட்டு, ஏன் தத்துவம் பேசுகிற எனக்கு எழுதினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இன்னும் சில மாதம் யோசிக்க அனுமதி கேட்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

சார்த்தர் பதிலில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அந்தத் தாயிடம் உட்கார்ந்து பேசினாயா என்று அவர் அவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் கடிதத்திலும் அம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசுகிறார்.

சரி, தத்துவம் நன்றாகச் செய்யக்கூடிய வேலைக்கு வருவோம். ஒரு சிக்கலுக்குள் பல கேள்விகள் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரித்து வைத்தால் அதில் பாதி விசாரித்தாலே தீர்ந்துவிடும். முதலில் வீடு. நீங்கள் ராஜினாமா செய்தால் அம்மா அந்த வீட்டில் இருக்க முடியுமா? பெரும்பாலான தோட்டங்களில் வீடு வேலையோடு வருவது. வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்படியானால் "அம்மாவை விட்டுவிட்டுப் போவதா" என்ற உங்கள் கேள்வியே மாறிவிடுகிறது. நீங்கள் போனால் அவரும் கிளம்பியாக வேண்டும், எங்கே என்பதுதான் கேள்வி. தோட்ட ஆபீசில் எழுத்து மூலம் கேளுங்கள், கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

அடுத்தது சேமநிதி. இங்கே உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 12 அல்லது 13 விழுக்காடு போடுகிறார். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். வேலை பெர்மிட்டில் போகிற உங்களுக்கு முதலாளி எதுவும் போட மாட்டார். இங்குள்ள கணக்கில் நீங்களாக விரும்பிப் போட்டுக்கொள்ளலாம், அது தனி. இதையும் அங்கே அறை வாடகையையும் கழித்தால் அந்த "இரண்டு மடங்கு" எவ்வளவாகச் சுருங்குகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அம்மாவின் கிளினிக் அப்பாயிண்ட்மெண்டுகளுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். உங்கள் மனைவி என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

இதற்கெல்லாம் ஸ்டோயிக் ஞானி எபிக்டெட்டஸும் வேண்டாம், சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டாரும் வேண்டாம். இவை முடிந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உண்மையான தத்துவக் கேள்வி. அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. சம்பளம் இரண்டு மடங்கு இல்லை, கால்வாசிதான் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் போகத் தோன்றுகிறதா? தோன்றினால் பணம் ஒரு சாக்கு, ஆலையும் தோட்டமும் உங்களுக்குச் சலித்துவிட்டன. அம்மா "தாராளமாகப் போய் வா" என்று சிரித்த முகமாக அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கம் உங்களுடையது. அதை அம்மாவின் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். என்ன பதில் வந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று, ஸ்டோயிக் படிக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நம் கையில் இருப்பவை, இல்லாதவை என்று எபிக்டெட்டஸ் பிரித்தார். நம் எண்ணமும் விருப்பமும் நம் கையில், உடம்பும் சொத்தும் பேரும் பதவியும் நம் கையில் இல்லை என்றார். அடிமையாகப் பிறந்தவர் அவர், பட்டுச் சொன்னது. ஆனால் "இது நம் கையில் இல்லை" என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதற்கு இதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பளக் கோரிக்கையோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்தார்கள், படை வந்து சுட்டது, உயிர்கள் போயின. துரையின் மனது நம் கையில் இல்லை, சைக்கிளில் இருந்து இறங்கும்போது நம் மனதை அமைதியாக வைத்துக்கொள்வோம் என்று அவர்கள் பேசியிருக்கலாம். பேசவில்லை. உங்கள் விஷயத்திலும், அம்மாவின் "வரமாட்டேன்" உங்கள் கையில் இல்லாத ஒன்று என்று ஓரமாக வைத்துவிட வேண்டாம். பேசினால் அது மாறலாம். ஏன் வரமாட்டேன் என்கிறார் என்றாவது தெரியும். ஒருவேளை மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சனங்களோடு இருக்க வேண்டும் என்பது மட்டும்தானோ என்னவோ.

தூக்கமின்மை. இதில் தத்துவத்தை நம்பி உட்கார வேண்டாம். தொடர்ந்து சில வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். நிலையாமையைப் பற்றி ராத்திரி இரண்டு மணிக்குப் படித்துக்கொண்டிருப்பது ஏற்கெனவே சோர்ந்த மனதை இன்னும் கீழே தள்ளும்.

அடுத்து எதைப் படிப்பது? சிங்கப்பூர்க்காரருக்கு என்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதி வரைக்கும் எதுவும் வேண்டாம். அப்புறம் குறளில் 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள்: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்காக எழுதியவைதான், ஆனால் இடம் மாறி வேலைக்குப் போகிறவனுக்கும் அப்படியே பொருந்தும். பரிமேலழகர் உரையோடு இப்போது மல்லுக்கட்ட வேண்டாம், மு.வ. உரை போதும்.