ஈசியூவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 1987ஆம் ஆண்டு போர்ஷே 944 இருக்கிறது, டர்போ இல்லாதது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். காலையில் ஒழுங்காகக் கிளம்பும் வண்டி, எஞ்சின் சூடானதும் சிக்னலில் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். போன வாரத்திலிருந்து அதுவும் இல்லை; ஸ்டார்ட்டர் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ போய்விட்டது, புதுப்பித்த பெட்டி போட 1,400 டாலர் ஆகும் என்கிறது பட்டறை. இணையத்தில் பழையது 250 டாலருக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஈசியூமேல் பழி போட ஒரு காரணமும் இல்லை. என்ன சோதித்தார்கள் என்று பட்டறையைக் கேளுங்கள். "வேறு எதுவாக இருக்கும்?" என்பதுதான் பதில் என்றால் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் பட்டை. இந்த எஞ்சினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சுழற்றச் செலவு ஏறும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்பேனரால் கையால் திருப்பச் சொல்லுங்கள். உள்ளே ரோட்டார் கூடவே திரும்பினால் பெல்ட் அறுந்துவிடவில்லை.

அடுத்தது டிஎம்இ ரிலே. டிஎம்இ என்பது ஈசியூவுக்குப் போர்ஷே வைத்த பெயர்; ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். சூட்டில் அணைந்து ஆறினால் பிடிக்கும் 944 என்றதும் பழகிய மெக்கானிக் கை வைப்பது இதில்தான். ஒரே கூட்டுக்குள் இரண்டு ரிலேக்கள்: ஒன்று ஈசியூவுக்கு மின்சாரம் கொடுக்கிறது, இன்னொன்று பெட்ரோல் பம்புக்கு. ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் அதிர்விலும் கிடந்து உள்ளே சாலிடரில் மயிரிழை விரிசல் விழும். கூட்டைத் திறந்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் விரிசல். ரிலேயைக் கழற்றி, அது செருகியிருந்த இடத்தில் 30, 87, 87பி ஆகிய மூன்று முனைகளையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தும் சோதிக்கலாம். எஞ்சின் பிடித்தால் வழக்கு முடிந்தது. இது சோதனைக்கு மட்டும்; சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அப்படியே வீட்டுக்கு ஓட்டிப் போகாதீர்கள். நல்ல புது ரிலேயின் விலை, அவர்கள் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான்.

அதிலும் பிடிக்கவில்லையா? ஸ்டார்ட்டர் சுழலும்போது, எஞ்சின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள்ளைக் கவனியுங்கள். லேசாகத் துடித்தால் ஃபிளைவீலிலிருந்து ஈசியூவுக்குச் சிக்னல் வருகிறது என்று பொருள். செத்துக் கிடந்தால், ஈசியூவுக்கு மின்சாரம் போவது உறுதியானபின், கிளட்ச் உறையின் மேல் இருந்து ஃபிளைவீலின் சுழற்சியைக் கவனிக்கும் இரட்டைச் சென்சார்கள்மேல் சந்தேகம் போக வேண்டும். இவையும் சூட்டில் மக்கர் செய்யக்கூடியவை. இரண்டின் கனெக்டர்களும் ஒரே மாதிரி இருக்கும். போன முறை வேலை பார்த்தவர் இடம் மாற்றிச் செருகியிருந்தால் என்னதான் புதுப் பாகம் போட்டாலும் வண்டி கிளம்பாது. மீட்டர் வைத்தால் சென்சாரின் முதல் இரண்டு முனைகளுக்கு இடையே 600 முதல் 1,600 ஓம் வரை காட்ட வேண்டும். அந்தப் பக்கத்து எர்த் ஒயர்களையும் அப்போதே கழற்றித் துரு சுரண்டிப் போட்டுவிடலாம்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஈசியூவின் முறை. 944இல் ஒரு வசதி உண்டு: இதன் ஈசியூ சாவியோடு பூட்டப்பட்டதல்ல. ஓடுகிற இன்னொரு 944இலிருந்து அதே எண்ணுள்ள பெட்டியை இரவல் வாங்கிப் போட்டு உடனே தெரிந்துகொள்ளலாம். உங்கள் பெட்டி உண்மையிலேயே பழுது என்றால் என் வாக்கு அதையே பழுதுபார்க்க அனுப்புவதற்குத்தான். விரிசல் விட்ட சாலிடரைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழையது வாங்குவதாக இருந்தால், 944.618 என்று தொடங்கும் போர்ஷே எண்ணும் 0 261 என்று தொடங்கும் பாஷ் எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். 951 என்று தொடங்கினால் அது டர்போவுடையது. மலிவு என்று தொடாதீர்கள். உள்ளே சிப் மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். திருப்பி எடுக்கமாட்டோம் என்று எழுதியிருக்கும் விற்பனையாளரிடம் 250 டாலர் கொடுப்பது சூதாட்டம்.

பட்டறை விஷயத்தில் கலிபோர்னியாச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். உங்கள் சம்மதமில்லாமல் அதற்குமேல் வசூலிக்க முடியாது. கழற்றிய பாகம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் திருப்பித் தர வேண்டும். மாற்றுக்குப் பழையதை அனுப்பவேண்டிய பாகமென்றால் கண்ணில் காட்டவாவது வேண்டும். மறுத்தால் மாநில அரசின் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகத்தில் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: வான்கூவரில் 2001 போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன், கூரையை மடக்கித் திறக்கும் வண்டி. மழைக்குப் பிறகு ரிமோட் வேலை செய்யவில்லை, இப்போது ஸ்டார்ட்டும் ஆகவில்லை. பழைய ஈசியூ ஒன்று விலை பேசியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டியில் ஈசியூ, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், சாவி மூன்றும் ஒன்றுக்கொன்று அடையாளம் பதித்தவை. அந்நிய ஈசியூவைத் தனியாகச் செருகினால் எஞ்சின் கிளம்பாது. இதற்காகவே மூன்றையும் ஒரே செட்டாக விற்பவர்கள் உண்டு. ஆனால் ரிமோட் முதலில் போனது என்கிறீர்களே, அதுதான் தடயம். இம்மொபிலைசர் பெட்டி இடது இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. கூரையின் வடிகால் துளைகளில் இலை அடைத்தால் தண்ணீர் நேராக அங்கேதான் தேங்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இருக்கைக்கு அடியில் கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் பிழிந்து வந்தால் அந்தப் பெட்டியைக் கழற்றித் திறந்து, போர்டில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிகாலைச் சுத்தம் செய்யாமல் எந்தப் பெட்டியை மாற்றினாலும் அடுத்த மழை வரைக்கும்தான்.