முள் எடுக்கும் விறகுவெட்டி

கேள்வி: ஐயா, ஷாங்காயில் வேலை பார்க்கும் மகன் அடுத்த மாதம் எங்களை அங்கே அழைத்துப் போகிறான். ஜின்ஹுவா என்ற ஊரில் சுவரோவியங்களுக்குப் பெயர்போன பழைய அரண்மனை வீடு இருக்கிறதாம். ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறான். நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவுச் சுவரில் பார்க்காத ஓவியமா? எனக்கு 66 வயது, முழங்கால் வலி வேறு. சைவம்தான் சாப்பிடுவேன். போகத்தான் வேண்டுமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கட்டாயம் போங்கள், ஆச்சி. நம் வளவில் பார்க்காததைத்தான் அங்கே பார்க்கப்போகிறீர்கள். கானாடுகாத்தானில் நான் டிராயிங் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வாங்கியவன். நம் சுவர்களில் வெண்ணெய் திருடும் கண்ணனும், ராமர் பட்டாபிஷேகமும், நடுவே தொப்பி வைத்த துரையுமாக ஒரே ஜனக்கூட்டம். அங்கே அப்படி இல்லை.

காரணம் இருக்கிறது. 1851 முதல் 1864 வரை சீனப் பேரரசை ஆட்டிவைத்த தைப்பிங் கலகக்காரர்களின் மாளிகை அது. தலைவர் ஹோங் சியுசுவான், தம்மை ஏசுவின் தம்பி என்று சொல்லிக்கொண்டவர். உருவ வழிபாடு என்றாலே அவர்களுக்கு ஆகாது. கோயில் சிலைகளை உடைத்தார்கள், ஓவியத்தில் மனித உருவம் கூடாது என்றும் வைத்திருந்தார்கள். அவர்களின் தளபதி லீ ஷிசியன் 1861-இல் ஜின்ஹுவாவைப் பிடித்து இந்த மாளிகையில் இருந்தார். 'ஷி வாங்' என்பது அவருடைய பட்டம். முழுதாக இரண்டு வருடம்கூட ஊர் அவர்கள் கையில் நிற்கவில்லை. அதற்குள் 100-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள்! வீடு குடிபுகுந்து மூன்று வருடமாகியும் பூஜை அறைக்கு வர்ணம் அடிக்காத என் மருமகனிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் அங்கே போயிருந்தபோது பூ, பறவை, விலங்கு, மலை, நீர் என்று பார்த்துக்கொண்டே போனவன் ஒரு சுவர் முன்னால் நின்றுவிட்டேன். தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு விறகுவெட்டி. என் அப்பத்தா திண்ணையில் ஊக்கை வைத்துக்கொண்டு எனக்குக் கருவேல முள் எடுத்தது நினைவுக்கு வந்தது. நான்கு பருவங்களிலும் மீன் பிடிப்பவர்களைக் காட்டும் ஓவியமும் உண்டு. கூடாது என்ற இடத்தில் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வரைந்தவனுக்குக் கை கேட்கவில்லை என்பது என் கட்சி. தளபதியும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்.

உத்தரங்களையும் விட்டுவிடாதீர்கள். பட்டுத் துணியைச் சுற்றிக் கட்டியது போலவே மரத்தின் நடுவில் வரைந்திருப்பார்கள். முற்றத்தில் இரண்டு கிழட்டு சைப்ரஸ் மரங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரு ராஜா நட்டது என்பது ஊர்ப் பேச்சு. அங்கே உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு ஒரு வார்த்தை: பழைய சீன வீடுகளில் நிலைப்படி நம் முகப்பு நிலையைப் போல உயரமாக இருக்கும். மகன் கையைப் பிடித்துக்கொண்டே தாண்டுங்கள். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம்தான். சாப்பாடு மட்டும் எச்சரிக்கை. உப்பில் ஊறவைத்து உலர்த்திய பன்றித் தொடைக்குப் பெயர்போன ஊர் அது. கீரைக் குழம்பில்கூட ஒரு துண்டு மிதக்கும். இட்லிப் பொடியும் சப்பாத்தியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் வெள்ளையடித்த பட்டைக்கு அடியில் பழைய ஓவியம் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: தொடாதீர்கள்! பத்து வருடத்துக்கு முன் ஒரு காண்டிராக்டர் என் பெரியப்பா வீட்டில் இதைத்தான் செய்தார். வெள்ளையோடு சேர்ந்து யசோதையின் முகமும் வந்துவிட்டது. இன்று உரலும் கண்ணனும் இருக்கிறார்கள், கயிற்றைப் பிடித்த கை இருக்கிறது, ஆள் இல்லை. தண்ணீர் தெளிப்பது, எண்ணெய் பூசுவது, வார்னிஷ் எதுவும் வேண்டாம். மேலே ஓடு ஒழுகினால் முதலில் அதை மாற்றுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே இருக்கும் பாதுகாப்பு ஆய்வகத்தில் காட்டிக் கேளுங்கள். உப்புத்தாளை ஜன்னல் கதவுக்கு வைத்துக்கொள்ளலாம்.