இசபெல்லா பேர்ட் கண்ட கிழக்காசியச் சமயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானியரைப் போலச் சமயப்பற்று இல்லாத மக்களைத் தாம் கண்டதே இல்லை என்றும், அவர்களின் தல யாத்திரை உல்லாசப் பயணம், திருவிழா வெறும் சந்தை என்றும் ஆங்கிலேயப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் தம் ஜப்பான் பயண நூலான 'Unbeaten Tracks in Japan'இல் எழுதியிருக்கிறாரே, அது சரியான கணிப்பா?

பதில்: சரியான கணிப்பு அன்று. பேர்ட் 1831இல் யார்க்‌ஷரில் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். வேதநூல், பிரசங்கம், ஞாயிறு வழிபாடு, உள்ளத்தில் உறுதியான விசுவாசம் ஆகியவை கூடியதே சமயம் என்ற எண்ணத்தில் வளர்ந்தவர். 1878இல் ஜப்பானில் இறங்கியபோது அந்த அளவுகோலையே கையில் வைத்திருந்தார். யாத்திரை போகிற வழியில் சிரித்துப் பேசி, உண்டு குடித்து, ஊர் பார்த்துத் திரும்புவதும் பக்தியின் பகுதியாக இருக்கக்கூடும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதே நூலில், டோக்கியோவின் அசாகுசாவில் கருணைத் தெய்வமான கன்னோனுக்கு உள்ள பௌத்தக் கோயிலைப் பற்றிய பக்கங்களைப் படித்துப் பாருங்கள். வேண்டுதலைத் தாளில் எழுதி, வாயிலிட்டு மென்று, கம்பிவலைக்குப் பின்னால் நிற்கும் உருவத்தின்மேல் துப்புகிறார்கள். உருண்டை வலையைக் கடந்து சிலையில் ஒட்டினால் நல்ல சகுனம், வலையிலேயே தங்கிவிட்டால் வேண்டுதல் பலிக்காது. நோய் தீர்ப்பவராகக் கருதப்படும் பின்சுரு சிலையைத் தடவி, நோயுற்ற தங்கள் உறுப்பையும் தடவிக்கொள்கிறார்கள்; அப்படித் தடவித் தடவியே சிலையின் முகம் தேய்ந்திருக்கிறது. சமயப்பற்று இல்லாதவர்கள் தடவியா ஒரு சிலை அப்படித் தேயும்? இந்தக் கேள்வியை அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

கேள்வி: அவர் போன காலத்து அரசியலுக்கும் அந்தக் கணிப்பில் பங்கு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1868இல் ஜப்பானின் புதிய மெய்ஜி அரசு, நாட்டின் பழஞ்சமயமான ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் பௌத்த உருவங்களும் கட்டடங்களும் அழிக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்த இரு மரபுகள் பிரிக்கப்பட்டுப் பத்தே ஆண்டுகள் கழிந்த நாட்டைத்தான் பேர்ட் கண்டார். பௌத்தம் தளர்ந்து கிடந்ததாக அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கேள்வி: கற்றறிந்த பௌத்தர் எவரையும் அவர் சந்திக்கவில்லையா?

பதில்: சந்தித்தார். கியோத்தோவின் நிஷி ஹொங்கான்ஜி மடத்தைச் சேர்ந்த அகமட்சு ரென்ஜோ இங்கிலாந்தில் தங்கிப் படித்தவர்; அவருடன் ஆங்கிலத்திலேயே பௌத்தக் கோட்பாடுகளைக் குறித்து நேரடியாக உரையாட முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் இடையில் இல்லாத அந்த அத்தியாயத்தில் பேர்டின் தொனி மாறிவிடுகிறது. தீர்ப்புச் சொல்பவராக அல்லாமல் கேட்டுக்கொள்பவராக இருக்கிறார்.

கேள்வி: ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவின் பழங்குடிகளான ஐனு மக்களுடைய வழிபாட்டைப் பற்றி அவர் தரும் செய்திகள் எவ்வளவு நம்பத்தக்கவை?

பதில்: பிராடோரி ஊரில் தலைவர் பென்ரியின் வீட்டிலேயே தங்கியதால், நேரில் பார்த்தவற்றை நன்றாகவே எழுதியிருக்கிறார். சுருள் சுருளாகச் சீவிய மரக்குச்சிகளான இனாவுகளை நட்டு வைத்திருப்பதும், குடிப்பதற்கு முன் செதுக்கிய குச்சியொன்றை சாக்கே மதுவில் தோய்த்துத் தெய்வங்களுக்குத் துளிகளைத் தெளிப்பதும் அவர் எழுத்தில் துல்லியமாக உள்ளன. அவர்களின் நம்பிக்கைகளைப் பற்றிய பகுதியில்தான் எச்சரிக்கை தேவை. ஐனு மொழியில் சொன்னது ஜப்பானிய மொழிக்கு மாறி, பிறகு இட்டோ என்ற பதினெட்டு வயது வழிகாட்டியின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த இட்டோவோ ஐனு மக்களை மனிதராகவே மதிக்காதவர். போதாக்குறைக்கு, தங்கள் வழக்கங்களைச் சொன்னதாக ஜப்பானிய அரசிடம் தெரிவித்துவிட வேண்டாம் என்று அம்மக்கள் அஞ்சிக் கேட்டுக்கொண்டதையும் பேர்டே பதிவு செய்கிறார். இத்தனை தடைகளைத் தாண்டி வந்த சொற்களை வைத்துக்கொண்டு, அவர்களின் சமயக் கருத்துகள் தெளிவற்றவை என்று அவர் முடிவு கட்டியது அவசரம். தெளிவின்மை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதை அவரால் அறிந்திருக்க முடியாது.

கேள்வி: கொரியாவில் கோயில்களே இல்லை என்பதுபோல எழுதியிருப்பது ஏன்?

பதில்: 1894இல் அவர் பார்த்த சியோலில் பௌத்தக் கோயில்கள் கண்ணில் படாததற்கு அரசின் தடையே காரணம். கன்பூசிய நெறியைப் பின்பற்றிய ஜோசொன் அரசு துறவிகளைத் தலைநகருக்குள் விடவில்லை. 1895இல்தான் அந்தத் தடை நீங்கியது. மடங்களைக் காண அவர் வைர மலைக்கு ஏறிப் போனார். முதாங் எனப்படும் பெண் பூசாரிகளையும் பான்சு எனப்படும் பார்வையற்ற மந்திரவாதிகளையும் குறித்த செய்திகளில் பெரும்பங்கைக் கொரியாவில் இருந்த மிஷனரிகளிடமிருந்து பெற்றார். ஆகவே ஆவி வழிபாடு முழுவதையும் பேய் வணக்கம் என்ற ஒரே தலைப்பின்கீழ் அடைத்துவிட்டார்.

கேள்வி: ஜப்பானைப் பற்றி எழுதிய இன்னொரு மேலைநாட்டு எழுத்தாளரான லஃப்காடியோ ஹெர்ன் இவரைவிட மேலானவரா?

பதில்: ஹெர்ன் 1890இல் வந்து, ஜப்பானியப் பெண்ணை மணந்து, குடியுரிமையும் பெற்று அங்கேயே 1904இல் இறந்தவர், வீட்டுப் பூசைமாடத்தின் அன்றாடத்தை அவர் அறிந்த அளவுக்குப் பேர்ட் அறியவில்லை. ஆனால் ஹெர்னுக்குப் பழைய ஜப்பான்மீது மயக்கம் அதிகம். அழுக்கையும் வறுமையையும் பேர்ட் மறைப்பதில்லை என்பதால் எனக்கு அவர்மேல் சற்றுக் கூடுதல் மதிப்பு.

கேள்வி: பேர்டின் ஜப்பான் நூலில் எந்தப் பதிப்பைப் படிக்கலாம்?

பதில்: 1880இல் வந்த இரண்டு தொகுதிப் பதிப்பைத் தேடிப் படியுங்கள். 1885இன் சுருக்கப் பதிப்பில் கியோத்தோ, இசே பகுதிகள் நீக்கப்பட்டதால் அகமட்சுவுடன் நடந்த உரையாடல் அதில் கிடைக்காது.