கடைசி இன்னிங்ஸின் மனிதர்

கேள்வி: பேஸ்பாலில் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் வந்து ஒரே ஒரு இன்னிங்ஸ் பந்து வீசுபவரை எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள்? மரியானோ ரிவேரா அப்படி என்ன செய்துவிட்டார்?

பதில்: அந்த ஒரு இன்னிங்ஸில்தான் எல்லாமே இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் மற்றவர்கள் எட்டு இன்னிங்ஸ் உழைத்துச் சேர்த்த ஒன்றிரண்டு ரன் முன்னிலையை விட்டுவிடாமல் ஆட்டத்தை முடித்துத் தர வேண்டும், அதற்குப் பெயர் 'சேவ்'. ரிவேரா எடுத்தது 652, அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் வேறு யாரும் அந்த எண்ணை எட்டவில்லை.

பனாமாவில் மீனவர் மகனாகப் பிறந்து, அப்பாவின் படகில் வேலை பார்த்தவர். 1995-இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தபோது முதலில் தொடக்கப் பந்துவீச்சாளராகத்தான் இறக்கினார்கள், அது சரிப்படவில்லை. அப்புறம் 1997-இல் சும்மா பந்து வீசிப் பழகிக்கொண்டிருந்தபோது பந்து தானாகக் கடைசி நொடியில் விலக ஆரம்பித்தது. அவரே அதை நிறுத்தப் பார்த்திருக்கிறார், முடியவில்லை! 'கட்டர்' எனப்படும் அந்த விலகும் பந்து ஒன்றை நம்பியே 2013 வரை ஆடினார். வருவது அதுதான் என்று தெரிந்தும் அடிக்க முடியாமல் மட்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

தோல்வியும் உண்டு. 2001 உலகத் தொடரின், அதாவது மேஜர் லீக் இறுதிப் போட்டித் தொடரின், ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், கையிலிருந்த முன்னிலையை அரிசோனா அணியிடம் இழந்தார். அவ்வளவு பெரிய மேடையில் அப்படித் தோற்றவர் மறுபடியும் அதே வேலைக்கு அமைதியாக வந்து நின்றாரே, எனக்கு அந்த 652-ஐ விட இதுதான் பெரிதாகப் படுகிறது. 2019-இல் ஒரு வாக்குகூடத் தவறாமல் பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் வீரரும் அவரே.